சந்தைத் திடலைக் கடந்த குழந்தை

வெல்டர்பியில் ஓர் உயிர் பிரிந்தால் மருத்துவரும் பாதிரியாரும் அறிந்த பிறகு, மூன்றாவதாக அறிந்துவந்தவள் ஏவிஸ் கார்த்வெய்ட். ஊரின் வாரப் பத்திரிகையான ‘மெசஞ்சர்’ அலுவலகத்தில், தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னே, இளமை முழுவதையும் நடுவயது முழுவதையும் அவள் அமர்ந்தே கழித்தாள். பிறப்பும் மணமும் இறப்பும், தொலைந்த பூனையும், விலைக்கு வந்த குழந்தை வண்டியும் அவள் விரல்வழியே அச்சேறின. வந்தவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்ய வேண்டும். முடித்ததும் அதை அவருக்கே ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அது அந்த அலுவலகத்தின் விதி. கணவனையோ தாயையோ இழந்து வந்தவர்கள், தாம் இழந்தது மெய்தான் என்று முதன்முதலில் உணர்ந்தது பெரும்பாலும் அவளுடைய குரலில்தான்.

“‘அன்புக் கணவர்’னு போடட்டுமா, மிஸஸ் டன்னர்?” என்று ஒருமுறை ஒரு கிழவியிடம் கேட்டாள்.

“அன்பா? அந்த மனுஷனா?” என்று கிழவி கைப்பையை மடியில் வைத்து யோசித்தாள். “சரி, போடும்மா. பக்கத்து வீட்டுக்காரி வெள்ளிக்கிழமை காலையில கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முதல்ல அதைத்தான் படிப்பா. அவளுக்கு எதுக்கு அந்தச் சந்தோஷம்?”

இறப்புச் செய்திக்கு அடுத்த பத்தி நினைவஞ்சலி. மறைந்தவரின் நாள் ஆண்டுதோறும் திரும்பி வரும்போது, வீட்டார் நாலு வரிப் பாட்டொன்றை அதில் வெளியிடுவார்கள். பாட்டு நன்றாயிருக்க வேண்டுமென்பதில்லை, வர வேண்டும். எந்த வீட்டுப் பாட்டு எந்த ஆண்டு நின்றதென்பதை ஊர் கவனிக்கும். நின்றால் அதற்கு ஒரே பொருள்: அந்த வீட்டார் அந்தப் பேச்சை முடித்துவிட்டார்கள், இனி அதைத் தொடாதிருப்பதே மரியாதை.

ஏவிஸின் மகள் டெஸ்ஸா எட்டு வயதில் மூளைக்காய்ச்சலில் போனாள். மாசி மாதத்து உறைபனி போலக் காய்ச்சல் ஓரிரவில் இறங்கியது. விடிந்தபோது குழந்தை யாரையும் அறியவில்லை. இறப்புச் செய்தியைக் கணவன் நெவில் எழுதிக் கொடுக்க, அலுவலகத்தில் வேறொருத்தி தட்டச்சு செய்தாள். ஓராண்டு திரும்பியபோது ஏவிஸ் தன் மேசையிலேயே அமர்ந்து, மற்றவர் தேநீருக்குப் போயிருந்த வேளையில், தானே நாலு வரி தட்டினாள். விதிப்படி அதை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள். பெயர் வந்த இடத்தில் குரல் நின்றுவிட்டது. சிறிது பொறுத்து மீண்டும் தொடங்கினாள். மீண்டும் அங்கேயே நின்றது. கேட்டு நிற்க எதிரே ஒருவருமில்லை. தாளை உருவி மடித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

அதன்பின் அவள் முயலவில்லை. ஊரார் பத்தியைப் பார்த்தார்கள். டெஸ்ஸா இல்லை. மறு ஆண்டும் இல்லை.

அந்த நாளிலிருந்து ஊர் அவளுக்குச் செய்த கருணை சொல்லி முடியாது. அவள் இறைச்சிக் கடைக்குள் நுழைந்தால் பள்ளி விளையாட்டு விழாவைப் பற்றிய பேச்சு தானாக நின்று, மழையைப் பற்றிய பேச்சாக மாறும். புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தோழி பெரில் முன்கூட்டியே சொல்லி வைப்பாள்: “ஏவிஸ்கிட்ட பிள்ளைங்களைப் பத்திக் கேக்காதீங்க. அவளுக்கு அந்தப் பேச்சு ஆகாது.” டெஸ்ஸாவோடு படித்த பெண்கள் வளர்ந்து, மணமுடித்து, குழந்தைகளைத் தள்ளிக்கொண்டு வரும்போது, எதிரே அவளைக் கண்டால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போவார்கள். அத்தனையும் அன்பு. ஆனால் அன்பின் இந்தப் பக்கத்தில் நின்றவளுக்குத் தன் மகளின் பெயரைப் பிறர் வாயால் கேட்டு எத்தனையோ காலமாயிற்று. ஊர் மறந்துவிட்டது போலும் என்று அவள் எண்ணினாள். மறந்தவர்களுக்கு நினைவூட்டித் துன்புறுத்துவது முறையன்று என்றும் எண்ணினாள். ஞாயிறுதோறும் ஆலயத்தில் முழந்தாளிட்டு அந்தப் பெயரைச் சொல்வாள். கேட்பவன் மறுமொழி சொல்லாதவன் என்பதால் அங்கே குரல் தடுமாறவில்லை.

டெஸ்ஸாவின் ஒளிப்படங்கள் மூன்று நான்கு உண்டு. பள்ளியில் எடுத்தது, கடற்கரையில் எடுத்தது. எல்லாவற்றிலும் குழந்தை நின்றாள். அசையவில்லை. ஏவிஸின் நெஞ்சில் முகம் இருந்தது. நடை தேய்ந்துகொண்டே வந்தது. நாற்காலியிலிருந்து குதிக்கும் ஒலி நினைவிருந்தது. கதவு வரை எப்படி வருவாள் என்பது நினைவில்லை.

அந்த நடை ஓரிடத்தில் மட்டும் பதிவாகியிருந்தது.

டெஸ்ஸாவுக்கு ஆறு வயதான கோடையில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தார், குதிரை வண்டிக் காலத்துக் கதையொன்றைப் படமாக்க வெல்டர்பிக்கு வந்தார்கள். சந்தைத் திடலின் போக்குவரத்து மஞ்சள் கோடுகள்மேல் மண்ணைக் கொட்டினார்கள்; வைக்கோலைத் தூவினார்கள். கூரைகளின் மேலிருந்த ஆன்டெனாக்களைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றியவர், அவற்றை வீடுவீடாக மாட்டி வைத்த டி.வி. கடைக்காரர் ரோலண்ட் ஸ்டாதர்ட். ஊரில் பாதிப்பேர் சால்வையும் தொப்பியும் அணிந்து, பணமில்லாமல், மதியச் சாப்பாட்டுக்காக வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே கட்டளை: என்ன நேர்ந்தாலும் காமெராவைப் பார்க்கக் கூடாது. டெஸ்ஸாவின் கையில் ஒரு கூடையைக் கொடுத்து, தண்ணீர்க் குழாயருகிலிருந்து தானியச் சந்தைக் கட்டடம் வரை தனியே நடக்கச் சொன்னார்கள். அன்று பத்திரிகை அச்சுக்குப் போகும் நாள். ஏவிஸால் மேசையைவிட்டு எழ முடியவில்லை. நெவில்தான் கூட்டிப் போனான்.

பனிக்காலத்தில் ஒரு ஞாயிறு மாலை அது ஒளிபரப்பானது. திரையில், ஊருக்குச் செய்தி அறிவிக்கும் ஊர்க்கூவி மணியை ஆட்டிக்கொண்டு வந்தான். “இப்போ! இப்போ!” என்றான் நெவில். டெஸ்ஸா வெட்கம் தாளாமல் வீரிட்டு சோபாவுக்குப் பின்னால் பதுங்கினாள். ஏவிஸ் சிரித்தபடி திரும்பி, சோபாவுக்கு மேலே தெரிந்த மயிர்க்கற்றையைப் பார்த்தாள். திரைக்குத் திரும்பியபோது அங்கே ஒரு வெள்ளைக் குதிரை பீப்பாய் வண்டியை இழுத்துக்கொண்டிருந்தது.

“பார்த்தியாம்மா? நான் வந்தேனா?”

“வந்தே, வந்தே. மறுபடியும் போடுவாங்கல்ல, அப்போ ஒழுங்கா பார்க்கலாம்.”

மறுபடி போடவில்லை. அந்த நிறுவனம் பழைய நாடாக்களை அழித்து வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்துகொண்டது என்று பின்னொரு காலத்தில் மெசஞ்சரிலேயே ஒரு செய்தி வந்தது. அதைத் தட்டச்சு செய்தவளும் ஏவிஸ்தான். நெவில் திடலிலும் பார்த்திருந்தான், திரையிலும் பார்த்திருந்தான். ஒருமுறை, ஒரேயொரு முறை, அவனிடம் கேட்டாள்: “அன்னைக்கு அவ எப்படி நடந்தா, நெவில்?” அவன் எழுந்து தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டான். அவனும் இறந்து சில ஆண்டுகளாகின்றன.

இந்த இலையுதிர்காலத்தில் ஒரு காலை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஏவிஸின் காதில் உள்ளூர் வானொலியில் ரோலண்டின் குரல் விழுந்தது. கடையை மூடி ஓய்வு பெற்று, ஊர்த் திரைப்படக் கழகத்தின் தலைவராகியிருந்தார் அவர். அந்தப் பழைய தொடரை ஒளிபரப்பான நாளிலேயே தம் கடை வீடியோவில் பதிவு செய்திருந்தாராம். நாடா பரணில் கிடைத்ததாம். சனிக்கிழமை பிற்பகல் தானியச் சந்தை மண்டபத்தில் திரையிடப் போகிறாராம். “உங்க தாத்தாவை, உங்க பழைய நாயை, எல்லாரையும் வந்து பார்த்துக்கலாம்” என்று சிரித்தார்.

வெண்ணெய்க் கத்தி கையிலேயே இருக்க, ரொட்டி ஆறிப்போயிற்று.

நூலகத்தில் சீட்டு விற்றவள் பெரில். ஏவிஸ் தன் முறை வரும்வரை நின்றாள்.

“முன்வரிசையில ஒண்ணு குடு, பெரில்.”

பெரிலின் கை ஒரு கணம் தயங்கிற்று. “முன்வரிசையா? கழுத்து வலிக்கும், கண்ணு.”

“வலிக்கட்டும்.”

“வெளியில காத்து அடிக்குதா?”

“அடிக்குது.”

அவ்வளவே. ஏன் வருகிறாய் என்று பெரில் கேட்கவில்லை. அதற்காகத்தான் வருகிறேன் என்று ஏவிஸ் சொல்லவில்லை. ஒருவர் நெஞ்சுக்குள் மற்றவர் கதவு தட்டாமல் நுழைவது அவ்வூரில் பெரும் பிழை. கதவைத் தட்டுவதும் ஓரளவு பிழையே.

சனிக்கிழமை அவள் நீலக் கோட்டை அணிந்தாள். சிகையலங்காரக் கடைக்குப் போய் முடியைச் சீராக்கிக்கொண்டாள். மண்டபம் நிறைந்து, பின்சுவரோரம் நின்றார்கள். விளக்கணைந்து படம் தொடங்கியதும் அந்த ஊர் தன் இயல்பான அடக்கத்தை மறந்தது.

“அதோ! எங்கப்பா! தலையில முடி இருக்கு பாருங்க!”

“தொப்பிடா அது, முட்டாள்.”

“இறைச்சிக்கடை ஆல்வின்! இன்னமும் கையில கத்தி வெச்சிருக்கான்!”

“எனக்கு இன்னும் அவன் பாக்கி தரணும்.”

“எங்க அத்தைம்மா அது. காமெராவைப் பார்க்காதேன்னாங்க, தலையைத் தொங்கப் போட்டுட்டு சவ ஊர்வலம் மாதிரி போறாங்க பாரு.”

மாண்டவர் ஒவ்வொருவராய்த் திரையில் எழ, அவரவர் பெயரை உறவினர் உரக்கக் கூவினர். சிரிப்பும் விசும்பலும் ஒன்றன்மேலொன்று புரண்டன. மறுமையில் எழுப்பப்படுவோரைத் தேவதூதர்கள் பெயர்சொல்லி அழைப்பது இப்படித்தான் இருக்குமோ என்று ஏவிஸ் எண்ணினாள். இன்னும் சற்று நேரத்தில் அந்தப் பெயரும் அழைக்கப்படும். யாரோ ஒருவர், யாராயினும் சரி, ‘அதோ டெஸ்ஸா’ என்று கூவுவார்.

ஊர்க்கூவி மணியோடு வந்தான். “ஆர்தர்!” என்று நாலு குரல்கள். ஏவிஸ் முன்னே சாய்ந்தாள். கைகள் முழங்காலைப் பற்றின. மணி மும்முறை அசைந்தது. படம் கண்ணிமைக்கும் அளவுக்குத் துள்ளியது.

வெள்ளைக் குதிரை பீப்பாய் வண்டியை இழுத்து வந்தது.

குதிரையின் பெயர் ஊரறிந்தது. ஆயினும் யாரும் கூவவில்லை. மண்டபம் முழுவதும் மூச்சடக்கி அமர்ந்திருந்தது. பின்னால் எவரோ தேவையின்றி இருமினார். பிறகு பெரிலின் கை இருளில் நீண்டு வந்து, ஏவிஸின் தோளை இருமுறை தட்டிவிட்டு, சுடுபொருளைத் தொட்டதுபோல விலகிக்கொண்டது. அந்தத் தட்டலில் அவளுக்கு விளங்கிவிட்டது: இவர்கள் ஒருவரும் மறக்கவில்லை. எல்லோரும் எல்லாம் அறிந்தே, கூடிப் பேசி, அவளுக்காக இதைச் செய்திருக்கிறார்கள்.

இடைவேளையில் பெரில் தேநீர் கொண்டுவந்தாள். ஏவிஸ் சர்க்கரை சேர்ப்பதில்லை. இதில் இரண்டு கரண்டி, அதிர்ச்சி கண்டவர்க்குக் கொடுப்பதுபோல.

“ஒண்ணும் ஆகலையே, கண்ணு?”

“தேநீர் நல்லா இருக்கு, பெரில்.”

படம் முடிந்து மக்கள் கலைந்தார்கள். நாற்காலிகள் அடுக்கப்பட்டன. ரோலண்ட் மேசையில் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஏவிஸ் கைப்பையை இரு கையாலும் பிடித்தபடி எதிரே வந்து நின்றாள். வாழ்நாளெல்லாம் மேசையின் மறுபுறம் இருந்தவள் இப்போது இப்புறம் நின்றாள்.

“ரொம்ப நல்லா இருந்துச்சு, ரோலண்ட்.”

“நன்றி, ஏவிஸ். நீங்க வந்ததே பெரிய விஷயம்.”

“மணிக்கும் குதிரைக்கும் நடுவுல கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சே.”

ரோலண்டின் கை நின்றது. “கமிட்டியில பேசினோம். நீங்க முன்வரிசைன்னு பெரில் சொன்னா. திடீர்னு உங்க கண்ணு முன்னால வந்து நின்னா தாங்குவீங்களான்னு... எடுத்துட்டோம்.”

“எடுத்ததைப் போட்டுக் காட்ட முடியுமா?”

அவர் பெட்டியிலிருந்து நாடாவை எடுத்து வைத்தார். பழுப்பு நாடா வெளியே கசங்கித் தொங்கிற்று. விரல் பட்ட இடம் துருப்பொடியாக உதிர்ந்தது. “பூசணம் பிடிச்சிருந்துச்சு. ஒரே ஒரு தடவைதான் ஓடும்னு தெரிஞ்சே ஓட்டி, கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். மெஷின் மென்னுடுச்சு.”

“கம்ப்யூட்டர்ல இருக்குமே?”

“வெட்டின பிறகு மிச்சப் படத்தை முழுப் படத்துமேலயே சேமிச்சேன். வெட்டின துண்டையும் அழிச்சேன்.” அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “வேணும்னுதான் அழிச்சேன், ஏவிஸ். எங்கேயாவது கிடந்து, யாராவது விவரம் தெரியாம உங்களுக்கு அனுப்பி வெச்சுட்டா என்ன பண்றது? அது ஒருத்தர் கையிலும் இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன்.”

அவள் அந்த ஊரிற் பிறந்தவள். இத்தகைய வேளைக்குரிய சொல் அவள் வாயில் ஆயத்தமாக இருந்தது, அதுவே வந்தது. “ரொம்ப யோசிச்சுச் செஞ்சிருக்கீங்க. நன்றி.” கையுறைகளை மாட்டிக்கொண்டாள். கதவு வரை போனாள். அங்கே நின்றாள். கதவுப் பிடியைத் தொட்ட கை அதைத் திருப்ப மறுத்தது.

திரும்பி வந்தாள்.

“ரோலண்ட், நான் அதைப் பார்க்கத்தான் வந்தேன். வேற எதுக்கும் வரலை.”

அவர் அடுக்கிய நாற்காலிகளில் ஒன்றை உருவி அமர்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. “ஒரு வருஷம்கூட நீங்க பேப்பர்ல போடலையே, ஏவிஸ். நாங்க என்னன்னு நெனைக்கிறது?”

“எழுதினேன். படிச்சுக் காட்டணும்ல? ஊர்ல எல்லாருக்கும் நான் படிச்சேன். எனக்குப் படிக்க என்னால முடியலை. எனக்காகப் படிக்க வேற யாரும் இல்லை.”

சமையலறை வாசலில் கோப்பைத் தட்டோடு வந்த பெரில் அங்கேயே நின்றாள்.

“வெட்டுறதுக்கு எத்தனை தடவை பார்த்தீங்க?” என்றாள் ஏவிஸ்.

“பல தடவை. எங்க ஆரம்பம், எங்க முடிவுன்னு தெரியணுமே.”

“அப்போ கடைசியா பார்த்தவர் நீங்கதான். சொல்லுங்க.”

“ஒரு தேவதை மாதிரி இருந்தா. அழகா சிரிச்சுக்கிட்டு...”

“வேண்டாம், ரோலண்ட்.” அவள் குரலில் பழைய மேசையின் உறுதி வந்திருந்தது. “என்கிட்ட வந்தவங்க எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொன்னாங்க. உள்ளதைச் சொல்லுங்க.”

அவர் கண்களை மூடினார். “சிரிக்கலை. மூக்கு ஒழுகிட்டு இருந்துச்சு. சட்டைக் கையால தொடைச்சா. தொப்பி பெருசு, கண்ணு வரைக்கும் இறங்கிடுச்சு. கூடையும் பெருசு. ஒவ்வொரு அடிக்கும் முழங்கால்ல இடிச்சுது. பாதித் திடல்ல தொப்பியைத் தள்ளிட்டு நேரா காமெராவைப் பார்த்தா.”

“பார்க்கக் கூடாதுன்னு அத்தனை தடவை சொல்லியிருந்தாங்க.”

“சொல்லியிருந்தாங்க. ஊர்ல அத்தனை பேரும் கேட்டாங்க, அவ மட்டும் பார்த்தா. அந்தப் பார்வை முன்வரிசைக்கு நேரா வந்திருக்கும். அதை நெனச்சுத்தான் நான்...”

ஏவிஸ் கைக்குட்டையை எடுக்கவில்லை. கன்னம் நனைவதை அறிந்ததாகவும் தோன்றவில்லை. “நடந்தாளா, ஓடினாளா?”

“ரெண்டும் இல்லை. அது ஒரு மாதிரி. ஓரடி வெச்சு, அப்புறம்... எப்படிச் சொல்றது, எனக்குச் சொல்ல வரலை.”

“நடந்து காட்டுங்க.”

ரோலண்ட் அவளைப் பார்த்தார். பெரிலைப் பார்த்தார். எண்பதை நெருங்கும் மனிதர். இடுப்பில் உலோக மூட்டு. ஆலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். பிறர் முன்னிலையில் உரத்துத் தும்மவும் கூசுபவர். மெல்ல எழுந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். “அந்தப் பிஸ்கட் டின்னைக் குடு, பெரில்” என்றார். பெரில் கொண்டுவந்து கொடுத்தாள். டின்னை இடக்கையில் தொங்கவிட்டுக்கொண்டு, அடுக்கிய நாற்காலிகளுக்கிடையே வெறுந்தரை நீண்டு கிடந்த இடத்துக்குப் போனார்.

ஓரடி வைத்தார். இரண்டாமடிக்கு முன் அந்தக் காலின்மேலேயே சிறிதாக ஒரு துள்ளு. டின் முழங்காலில் இடித்து ஒலித்தது. மறுபடி ஓரடி, மறுபடி துள்ளு. இடது தோள் எடையால் தாழ, வலது கை காற்றில் விரிந்து தாளமிட்டது. இடுப்பு வலியில் உதடு கோணிற்று, அவர் நிறுத்தவில்லை. தரையின் நடுப்பகுதிக்கு வந்ததும், இல்லாத தொப்பியைப் புறங்கையால் மேலே தள்ளி, முகத்தைத் திருப்பி, ஏவிஸை நேருக்கு நேர் பார்த்தார். அங்கே அவர் கால்கள் நின்றுவிட்டன.

“அவ நின்னாளா?” என்றாள் ஏவிஸ்.

“இல்லை. நிக்கலை.”

“அப்போ போங்க, ரோலண்ட்.”

அவர் முகத்தை முன்னே திருப்பினார். ஓரடி, ஒரு துள்ளு, மறுபடி ஓரடி, ஒரு துள்ளு என்று மண்டபத்தின் மறுசுவர் வரை போனார்.